நவம்பரில் விஸ்கான்சினில் வில் வேட்டை: கோத்தகிரியில் இருந்தபடி எப்படித் தயாராவது?

கோத்தகிரி அம்பு:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்கான்சினில் இருக்கிற சித்தப்பா வர்ற நவம்பர்ல வைட்டெயில் மான் (வெள்ளை வால் அமெரிக்க மான்) வில் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார். நிலம் அவரோடது, மரத்துல ஏறி உட்கார்ற ஸ்டாண்டும் இருக்கு. லைசென்ஸ், ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் படிப்பு) எல்லாம் தானே பார்த்துக்கறதா சொல்றார். மத்தபடி எதைக் கேட்டாலும் "நீ முதல்ல வந்து சேருடா"தான் பதில்.

என்கிட்ட இருக்கிறது 50 பவுண்டு இழுவை எடையுள்ள காம்பவுண்ட் வில் (நுனியில சக்கரம் வச்சது), டிரா லெங்த் (நாணை இழுக்கற நீளம்) 27 அங்குலம். கார்பன் அம்பு, 500 ஸ்பைன் (தண்டோட விறைப்பைச் சொல்ற எண்), நீளம் 27.5 அங்குலம், முனை 100 கிரெய்ன் (அம்பை நிறுக்கற சின்ன எடை அளவு), எல்லாம் சேர்த்து 330 கிரெய்ன். சைட் (குறி பார்க்கற கருவி), பீப் (நாண்ல இருக்கற குறி ஓட்டை) ரெண்டும் போட்டிக்கு வாங்கினது. 50 மீட்டர் போட்டியில கலந்துக்கறேன், குரூப் மோசமில்லை.

இந்த செட்டே போதுமா, எதை மாத்தணும்? இங்கே தேயிலைச் சரிவுல பழகினா மர ஸ்டாண்டுக்கு உதவுமா? எவ்வளவு தூரம் வரைக்கும் அடிக்கலாம்? பிராட்ஹெட் (வேட்டைக்கான பிளேடு வச்ச முனை) வாங்கி இங்கேயே சுட்டுப் பார்க்கலாமா? வில்லைக் கொண்டு போறதா, அங்கே வாங்கறதா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கூடலூர் வக்கீல்:

முதல்ல உள்ளூர் விஷயத்தை முடிச்சிடலாம் தம்பி. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கு. துப்பாக்கி இல்லையேன்னு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. பிரிவு 9 வேட்டையைத் தடுக்குது. 'வேட்டை'ங்கறதும் கொல்றது மட்டுமில்ல. விரட்டறது, இரை வச்சுக் காத்திருக்கறது, முயற்சி பண்றது எல்லாம் அதுக்குள்ள அடங்கும். பிரிவு 31 படி அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையவே கூடாது.

இதை ஏன் விரிவா சொல்றேன்னா, நம்ம ஊர்ல எஸ்டேட் எங்க முடியுது, காடு எங்க ஆரம்பிக்குதுன்னு பல இடத்துல வேலியே கிடையாது. சோலை ஓரத்துல வில்லோட, அதுவும் பிராட்ஹெட் மாட்டின அம்போட நின்னா, "பிராக்டிஸ்தான் சார்"னு சொல்றது எடுபடாது. பட்டா நிலம், உரிமையாளரோட எழுத்து அனுமதி, கண்ணுக்குத் தெரியற டார்கெட், முனை ஃபீல்ட் பாயின்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை), பகல் நேரம். இவ்வளவும் இருந்தா பிரச்சினை இல்லை. முதுமலை வழியா மைசூர் பக்கம் போட்டிக்குப் போனா வில் பெட்டிக்குள்ள பூட்டி டிக்கியில இருக்கட்டும், போட்டி அழைப்புக் கடிதமும் கையில இருக்கட்டும்.

வேட்டைக்கு விதி வைக்கிறது இந்த மலைக்குப் புதுசும் இல்லை. 1879லேயே நீலகிரிக்குன்னு தனியா ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துலயே இஷ்டத்துக்குச் சுட முடியாதுன்னு ஆன இடம் இது.

அங்கே அமெரிக்காவுல வில் துப்பாக்கிக் கணக்குல வராது. ஆனா ஹண்டர் எஜுகேஷனை சித்தப்பா 'பார்த்துக்க' முடியாது. அதை உங்க பேர்ல நீங்கதான் முடிக்கணும்.

குன்னூர் வில்லாளி:

செட் பத்தி நான் சொல்றேன்.

வில் போதும். விஸ்கான்சின் விதிப்படி குறைந்தபட்சம் 30 பவுண்டு, உங்களுடையது 50. எண்ணைவிட முக்கியம் அதை எப்படி இழுக்கறீங்கங்கறதுதான். ஒரு ஸ்டூல்ல உட்காருங்க, ரெண்டு காலையும் தரையிலிருந்து தூக்குங்க, வில்லை நேரா டார்கெட்டை நோக்கி நீட்டி, மேலே கீழே ஆட்டாம இழுங்க. முடியலைன்னா அந்த எடை உங்களுக்கு அதிகம். போட்டியில வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி இழுக்கற பழக்கம் பலருக்கு இருக்கு. மான் 15 மீட்டர்ல நிக்கும்போது அந்த அசைவு ஒண்ணே போதும், அது ஓடிடும். அதோட மூணு மணி நேரம் குளிர்ல உட்கார்ந்த உடம்புக்கு 50 பவுண்டு 60 மாதிரி தெரியும். தேவைப்பட்டா ரெண்டு லிம்ப் போல்ட்டையும் (வில்லோட மேல், கீழ்க் கைகளை இறுக்கற போல்ட்) சமமா ஒவ்வொரு சுற்று தளர்த்துங்க. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும். கம்பெனி கையேட்டுல சொன்ன அளவுக்கு மேல தளர்த்தக் கூடாது, லிம்ப் கழன்று வந்துடும். எடையை மாத்தினா சைட்டையும் புதுசா செட் பண்ணணும்.

அம்புதான் மாறணும். 330 கிரெய்ன்னா பவுண்டுக்கு 6.6 கிரெய்ன். வில்லுக்கு அது பாதுகாப்பானதுதான் (பவுண்டுக்கு 5க்குக் கீழே போனா வெறும் நாணை விட்ட மாதிரி வில் அடி வாங்கும்). வேட்டைக்குப் பவுண்டுக்கு 7.5 முதல் 8.5 வரை இருந்தா நல்லது. கனமான அம்பு மெதுவா போகும், ஆனா வில்லோட சத்தம் குறையும், உள்ளே இறங்கற பலமும் நிலைச்சு நிற்கும். 125 கிரெய்ன் முனை, அலுமினியத்துக்குப் பதிலா 50 கிரெய்ன் பித்தளை இன்ஸர்ட் (முனையை மாட்ட உள்ளே வைக்கற துண்டு), 400 ஸ்பைன் ஷாஃப்ட் (அம்புத் தண்டு): மொத்தம் 400 கிரெய்ன் பக்கம் வரும்.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பழைய 500 ஸ்பைன் அம்பிலேயே முனையை மட்டும் கனமாக்கிடுவாங்க. முன்பாரம் கூடினா அம்பு புறப்படும்போது அதிகமா வளையும், அதாவது ஸ்பைன் இன்னும் மெலிஞ்ச மாதிரி நடந்துக்கும். ஃபீல்ட் பாயின்ட்ல அது பெருசா தெரியாது. பிராட்ஹெட் மாட்டினதும் அந்த பிளேடு முன்னாடி ஒரு இறக்கை மாதிரி காத்தைப் பிடிச்சு அம்பை இழுத்துட்டுப் போகும். முனையைக் கூட்டினா ஷாஃப்டையும் விறைப்பாக்கணும். எண் குறைஞ்சா விறைப்பு கூடும், 400ங்கறது 500ஐ விட விறைப்பு.

முன்பாரத்தைச் சோதிக்க: அம்பை விரல்மேல வச்சுச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிங்க. நாக் (அம்போட வால்ல நாண் மாட்டற துண்டு) பள்ளத்துல இருந்து அந்தப் புள்ளி வரைக்கும் அளந்து, அதுல அம்போட பாதி நீளத்தைக் கழிச்சு, முழு நீளத்தால வகுத்து, நூறால பெருக்கணும். 27.5 அங்குல அம்பு 17.3ல நின்னா, 3.55 வகுத்தல் 27.5, அதாவது 13 சதவீதம். 10லிருந்து 15க்குள்ள இருந்தா போதும்.

வேகம் நொடிக்கு 225 அடி அளவுக்கு வரும். 400 கிரெய்ன் அந்த வேகத்துல போனா சுமார் 45 அடி-பவுண்டு. வைட்டெயிலுக்குத் தாராளம். ஆனா 45 அடி-பவுண்டை வீணாக்காத பிராட்ஹெட் வேணும். அகலமா விரியற மெக்கானிக்கல் ஹெட் விரியறதுக்கே பலத்தைச் செலவழிக்கும். உங்க வில்லுக்கு விரியாத, ரெண்டு இல்லைன்னா மூணு பிளேடு ஹெட் எடுங்க, வெட்டு அகலம் 1 முதல் 1⅛ அங்குலம். அங்கே குறைந்தபட்சம் ⅞ அங்குலம். கூர்மை பார்க்க, ரப்பர் பேண்டை லேசா இழுத்துப் பிடிச்சு பிளேடுமேல வைங்க. தொட்டதும் அறுந்தா சரி, அழுத்தி அறுக்க வேண்டியிருந்தா திருப்பித் தீட்டணும்.

டியூனிங் வரிசை: முதல்ல பேப்பர். 2 மீட்டர்ல செய்தித்தாளை ஃபிரேம்ல ஒட்டி, பின்னால டார்கெட் வச்சுச் சுடுங்க. வால் பக்கம் மேல கிழிஞ்சா ரெஸ்ட்டை (அம்பு தாங்கியை) ஏத்தணும், இல்லைன்னா நாண்ல நாக் மாட்டற இடத்தை இறக்கணும். ஓட்டை சுத்தமா வந்தபிறகு 20 கெஜத்துல ஃபீல்ட் பாயின்ட் ரெண்டு, பிராட்ஹெட் ரெண்டு மாத்தி மாத்திச் சுடுங்க. பிராட்ஹெட் இடப்பக்கம் போச்சுன்னா ரெஸ்ட்டை வலப்பக்கம், கீழே போச்சுன்னா ரெஸ்ட்டை மேல. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான் நகர்த்தணும். ரெண்டும் ஒரே இடத்துல விழற வரைக்கும் சைட்டைத் தொடவே தொடாதீங்க. சைட்டை நகர்த்தி பிராட்ஹெட்டை நடுவுக்குக் கொண்டு வர்றது நோயை மறைக்கறது, அவ்வளவுதான்.

சைட்டும் பீப்பும் கண்டிப்பா மாறணும். போட்டி பீப்போட ஓட்டை சின்னது. மான் வர்றதே விடியறப்பவும் சாயங்காலமும்தான், அந்த வெளிச்சத்துல அதுக்குள்ள ஒண்ணுமே தெரியாது. 3/16 இல்லைன்னா ¼ அங்குல பீப் போடுங்க. லென்ஸ் ஸ்கோப்பைக் கழட்டிட்டு மூணு பின் (ஒளிர்ற குறிப் புள்ளி) இருக்கற ஃபைபர் சைட் மாட்டுங்க. ரிலீஸ் (நாணைப் பிடிச்சு விடற கருவி) மணிக்கட்டுல கட்டற வகையா இருக்கட்டும், கையில பிடிக்கறது மரத்துல இருந்து கீழே விழுந்தா அன்னிக்கு வேட்டை முடிஞ்சது.

ஏரிநாட்டுத் தமிழன்:

விஸ்கான்சினில் இருந்து எழுதறேன். சித்தப்பா சொல்லாம விட்டதைச் சொல்லிடறேன்.

1973 ஜனவரி 1ஆம் தேதியோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு இங்கே ஹண்டர் எஜுகேஷன் சான்றிதழ் வேணும். அது இல்லாம அனுபவசாலி ஒருத்தர் கை எட்டற தூரத்துல கூடவே இருந்து வேட்டையாடற ஏற்பாடும் இருக்கு, ஆனா ஒத்தை ஆள் ஸ்டாண்டுல அது நடைமுறைக்கு ஒத்து வராது. கொம்புள்ள மானுக்கு ஒரு அனுமதி, கொம்பில்லாததுக்கு வேற. பின்னது எந்தக் கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), யாரோட நிலம்னு பார்த்துத்தான் செல்லும். சித்தப்பா நிலம் எந்தக் கவுண்ட்டின்னு முதல்லயே கேட்டு வைங்க. அடிச்ச மானை மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள இணையத்துலயோ போன்லயோ பதிவு பண்ணியாகணும்.

நவம்பர்ல எப்போன்னு சொல்லலை. இணைசேர்ற பருவம் உச்சத்துல இருக்கறது மாதத்தோட முதல் ரெண்டு வாரம். கிடா பகல்லயும் நடமாடறது அப்போதான். நன்றி நாளுக்கு (நவம்பர் நாலாவது வியாழன்) முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சீசன் ஆரம்பிச்சு 9 நாள் ஓடும். அந்த நாள்கள்ல வில்லோட போனாலும் இடுப்புக்கு மேல உடையில பாதியாவது பளிச்சுனு ஆரஞ்சோ பளிச் பிங்க்கோ இருக்கணும், தொப்பி போட்டா அதுக்கும் அதே விதி. டிக்கெட்டை நவம்பர் முதல் வாரத்துக்குப் போடுங்க.

அடுத்து கெஜம், மீட்டர். சித்தப்பா "முப்பது"ன்னா அது 30 கெஜம், அதாவது 27.4 மீட்டர். உங்க மனசுல இருக்கற முப்பது மீட்டர். உங்க அம்பு வேகத்துக்கு இந்த ரெண்டரை மீட்டர் வித்தியாசத்துல அம்பு 8 செ.மீ. மாறி விழும். சைட், ரேஞ்ச் ஃபைண்டர் (தூரம் அளக்கற கருவி), மனசு மூணையும் இன்னிக்கே கெஜத்துக்கு மாத்துங்க.

காத்து விஷயத்துல நீங்க கொடுத்து வச்சவர். காலைல வெயில் ஏற ஏறக் காத்து சரிவுல மேலே ஏறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். இங்கே நிலம் சின்னச் சின்ன மேடுதான், ஆனா கணக்கு அதேதான். கோத்தகிரியில அடுப்புப் புகை சாயங்காலம் எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்த்துப் பழகுங்க. இங்கே வேட்டைக்காரங்க காத்துப் பார்க்க மில்க்வீட் பஞ்சைத்தான் பறக்க விடுவாங்க. நம்ம எருக்கு அதே குடும்பம். மேட்டுப்பாளையம் பக்கம் ரோட்டோரத்துல காய் வெடிக்கறப்ப ஒரு டப்பா நிறைய எடுத்து வச்சுப் பழகுங்க. பவுடரோ திருநீறோ ஊதினா பக்கத்துல மட்டும்தான் தெரியும்; பஞ்சு முப்பது மீட்டர் தள்ளி காத்து எங்கே திரும்புதுங்கறதையும் காட்டிக் கொடுக்கும். விமானத்துல மட்டும் அதைக் கொண்டு வராதீங்க, விதையும் செடியும் கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்க. இங்கேயே கிடைக்கும்.

வாசனை போக்கற ஸ்பிரே, விசேஷ சோப்பு எல்லாம் வாங்கச் சொல்வாங்க. காத்து மானிடமிருந்து உங்களை நோக்கி அடிக்கற ஸ்டாண்டுல உட்கார்ந்தா அதுல எதுவும் தேவையில்லை. காத்து தப்பா இருந்தா எந்த ஸ்பிரேவும் காப்பாத்தாது.

குளிர். நவம்பர்ல விடியற்காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சர்வ சாதாரணம். ஊட்டியில ஜனவரி உறைபனியில நிக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம், இங்கே அசையாம உட்காரணும். உடம்பை ஒட்டி பருத்தி வேண்டாம், வேர்வையைப் பிடிச்சு வச்சுக்கும், கம்பளி போடுங்க. ஸ்டாண்டு வரைக்கும் ஜாக்கெட்டைக் கையில எடுத்துட்டு நடந்து, மேலே போய்ப் போட்டுக்கணும். தடிச்ச ஜாக்கெட்டோட கை நாண்ல உரசினா அம்பு ஒரு பக்கமா தள்ளிப் போகும், முன்கையில ஆர்ம் கார்டை ஜாக்கெட்டுக்கு மேலயே கட்டுங்க. போடப் போற அதே உடுப்போட ஊர்லயே பழகுங்க, வேர்த்தாலும் பரவாயில்லை.

கடைசியா, மர ஸ்டாண்டு. வில் வேட்டையில ஆள் அடிபடறது பெரும்பாலும் அம்பால இல்லை, விழுந்துதான். முழு உடம்பு ஹார்னஸ் (உடம்புல மாட்டற பாதுகாப்புப் பட்டை), தரையிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் லைஃப்லைன் கயிறு, ஏறும்போதே அதுல மாட்டிக்கணும், மேலே போனதுக்கப்புறம் இல்லை. வில்லைக் கையில எடுத்துட்டு ஏறவே கூடாது. தனிக் கயித்துல கட்டித் தூக்குங்க, அம்பு குவிவர்ல (அம்புக்கூட்டுல) மூடியிருக்கணும். ஹார்னஸ்ல தொங்கிட்டா காலை ஊன்ற ஒரு கயித்து வளையம் பையில இருக்கட்டும். சும்மா தொங்கினா கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும். சித்தப்பாவோட ஸ்டாண்டை மரத்துல கட்டியிருக்கற பட்டை எத்தனை வருஷம் மழையில கிடந்ததுன்னு கேளுங்க. பழசுன்னா மாத்தச் சொல்லுங்க, இதுல மட்டும் கூச்சப்படாதீங்க.

கோத்தகிரி அம்பு:

ரொம்ப நன்றி. எருக்கு சத்தியமா எதிர்பார்க்கலை. குன்னூர் அக்கா, தூரம் பத்தி ஒண்ணும் சொல்லலையே? 50 மீட்டர்ல என் அம்பு பாதிக்கு மேல மஞ்சள்லதான் (நடு வட்டம்) விழுது. அப்போ 40 கெஜம் தாராளமா அடிக்கலாம்தானே?

குன்னூர் வில்லாளி:

அடிக்கக் கூடாது தம்பி. டார்கெட் நகராது, மான் நகரும்.

கணக்கு பாருங்க. உங்க அம்பு நொடிக்கு 70 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலி நொடிக்கு 340 மீட்டர். நாண் சத்தம் அம்புக்கு ரொம்ப முன்னாடியே மானுக்குப் போயிடும். வைட்டெயில் பாயறதுக்கு முன்னாடி காலை மடிச்சு உடம்பைக் கீழே இறக்கும், அதுதான் அது ஓட்டம் பிடிக்கற முறை. சத்தம் கேட்டு உடம்பு அசைய 0.2 நொடின்னு வச்சுக்குங்க. 20 மீட்டர்ல அம்பு போய்ச் சேர 0.29 நொடி, சத்தம் சேர 0.06. மிச்சம் 0.23ல 0.2 போனா மான் அசையவே நேரமில்லை. 30 மீட்டர்ல அதுக்குக் கீழே இறங்க 0.14 நொடி கிடைக்கும், அந்த நேரத்துல எந்தப் பொருளும் விழற தூரம் 10 செ.மீ. பக்கம். 40 மீட்டர்ல 0.25 நொடி, 30 செ.மீ. நெஞ்சுக்கூட்டுல நீங்க அடிக்க வேண்டிய இடத்தோட மொத்த உயரமே 20 செ.மீ.தான். அதாவது 40ல நீங்க மிகச் சரியா அடிச்சாலும் அம்பு முதுகுக்கு மேல போகும், இல்லை அதைவிட மோசமா முதுகுச் சதையில இறங்கி மான் காயத்தோட ஓடும். வேகமான வில் வாங்கினா இது தீராது, சத்தமும் கூடும்.

அதனால 25 கெஜம். அதுவும் மான் தலை குனிஞ்சு நிதானமா இருந்தாத்தான். காதைத் திருப்பி, காலைத் தரையில தட்டி, தலையை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு இருந்தா 20லகூட விட்டுடுங்க. நம்ம புள்ளிமானும் இப்படித்தான் காலைத் தட்டும். தெப்பக்காட்டுல வண்டியில உட்கார்ந்தபடி பைனாகுலர்ல ஒரு மணி நேரம் பார்த்தா இந்தப் பாஷை புரிஞ்சிடும். உடம்பு அளவும் வைட்டெயிலுக்கு ஏறக்குறைய பக்கம்தான். கடமானைப் பார்த்து மனக்கணக்கு போடாதீங்க, அது ரொம்பப் பெருசு, தூரம் குறைவா தோணும்.

எங்கே அடிக்கறது: முழுப் பக்கவாட்டுல நின்னா முன்னங்காலோட பின் ஓரத்துக்கு நேர் மேல, உடம்போட அடியில இருந்து மூணுல ஒரு பங்கு உயரம். பக்கத்துல இருக்கற முன்னங்கால் முன்னால எடுத்து வச்சிருந்தா இன்னும் நல்லது, தோள் எலும்பு விலகிடும். உங்களுக்கு முதுகைக் காட்டிச் சாய்வா நின்னா உங்களுக்கு மறுபக்கம் இருக்கற முன்னங்காலைக் குறி வச்சு, அம்பு உள்ளே நுழையற இடத்தைப் பின்னால தள்ளிக்குங்க. நேரா உங்களைப் பார்த்து நிக்கறது, உங்க பக்கம் சாய்ஞ்சு வர்றது, தலை, கழுத்து, இதுல எதுக்கும் நாணை இழுக்காதீங்க.

பயிற்சிக்கு ஒரு விஷயம். ஆறு அம்பு வரிசையா அடிச்சு குரூப் பார்க்கறதை நிறுத்துங்க. காலைல வார்ம் அப் இல்லாம ஒரே ஒரு அம்பு, 15 செ.மீ. காகிதத் தட்டுல. அன்னிக்குக் கணக்கு அதுதான். வாரக்கணக்குல அந்த முதல் அம்பு எந்தத் தூரம் வரைக்கும் தட்டை விட்டு வெளியே போகலையோ, அதுக்கு மேல உங்க தூரம் நீளாது. நான் சொன்ன 25 அதுக்குள்ள இருந்தா 25. அது 20ன்னு வந்தா 20தான்.

கொடைக்கானல் சரிவு:

சரிவுப் பயிற்சி பத்தி யாரும் தொடலை. இங்கே மன்னவனூர் பக்கம் சரிவுல ஃபீல்ட் டார்கெட் போட்டுப் பழகறவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மர ஸ்டாண்டைவிட மலைச்சரிவு கஷ்டம். 6 மீட்டர் உயர மரத்துல இருந்து 20 மீட்டர் தள்ளி நிக்கற மானுக்கு கிடைத்தூரம் (மட்டமா அளந்த தூரம்) 19 மீட்டர், வித்தியாசம் பெருசில்லை. ஆனா 30 டிகிரி சரிவுல 30 மீட்டர்னு ரேஞ்ச் ஃபைண்டர் காட்டினா கிடைத்தூரம் 26தான், 30க்கு அடிச்சா மேல போகும். கோணம் கழிச்சுச் சொல்ற ரேஞ்ச் ஃபைண்டரா வாங்கிடுங்க.

உண்மையில மரத்துல ஆட்களைத் தப்ப வைக்கறது தூரக் கணக்கு இல்லை, உடம்பு. கீழே பார்க்கும்போது கையை மட்டும் இறக்கினா டிரா லெங்த் குறையும், கண் பீப்போட சேராது. முதல்ல மட்டமா இழுத்து நிறுத்திட்டு, இடுப்புல இருந்து மடங்கணும். தோளும் கையும் போட்ட கோடு மாறக் கூடாது. தேயிலைப் படிக்கட்டு வரப்புல மேல் வரிசையில நின்னு, ரெண்டு மூணு வரிசை கீழே டார்கெட் வச்சா மரத்துல உட்கார்ந்த கோணம் அப்படியே கிடைக்கும். நின்னும் பழகுங்க, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தும் பழகுங்க.

சமதரையில நேரா விழற அம்பு, கீழ்நோக்கி அடிச்சா மட்டும் இடமோ வலமோ போனா காத்தைக் குத்தம் சொல்லாதீங்க. சைட்டோட மூணாவது ஆக்ஸிஸ் (வில்லை மேலே கீழே சாய்க்கும்போதும் சைட்டை மட்டமா நிறுத்தற அமைப்பு) சரியில்லைன்னு அர்த்தம். வில்லை முழுசா இழுத்த நிலையில, செங்குத்தா தொங்கற நூல்ல வில்லை ஒட்டி, மேலயும் கீழயும் சாய்ச்சு நீர்மட்டக் குமிழ் நடுவுல நிக்குதான்னு இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லிச் சரி பண்ணுங்க. மர ஸ்டாண்டுக்கு இது அவசியம்.

டார்கெட்: கோணிப் பையில பழைய துணி அடைச்சது ஃபீல்ட் பாயின்ட்டுக்கு நல்லாவே தாங்கும். பிராட்ஹெட் அதுல போனா துணியைச் சுத்திக்கிட்டு வெளியே வராது. அடுக்கடுக்கா அழுத்தின ஃபோம் பிளாக் தனியா வேணும். வக்கீல் சார் சொன்ன மாதிரி, பிராட்ஹெட் பயிற்சியைச் சுவர் வச்ச ரேஞ்சுக்குள்ள வச்சுக்குங்க, எஸ்டேட்டுல வேண்டாம். சுட்டுப் பழகின பிளேடும் வேட்டை பிளேடும் ஒண்ணா இருக்கக் கூடாது.

பின்னால உசரமான மண் திட்டு இருக்கணும். கல்லு தெரியற திட்டு ஆகாது. கார்பன் அம்பு கல்லுல மோதி உள்ளே விரிசல் விட்டிருந்தா கண்ணுக்குத் தெரியாது, அடுத்த தடவை விடும்போது உடைஞ்சு கையில ஏறும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையாலயும் லேசா வளைச்சு, காதுக்குப் பக்கத்துல வச்சுக் கேளுங்க. முறுக்கற சத்தம் வந்தா முறிச்சுப் போட்டுடுங்க. கீழ்ச்சரிவுல கொழுந்து பறிக்கறவங்க வேலை செய்யற நாள்ல அந்தப் பக்கமே வேண்டாம், தவறின அம்பு இருநூறு மீட்டரைத் தாண்டும்.

நேரம் காலைல ஒன்பதுல இருந்து மூணரை. வேட்டை வெளிச்சத்துல பழகணும்னு ஆறு மணிக்குத் தேயிலைக்குள்ள போகாதீங்க. உங்க கோத்தகிரியில கரடி, எங்க பக்கம் காட்டெருமை. மங்கலான வெளிச்சத்துல சைட் பின் தெரியுதான்னு பார்க்க வீட்டு முற்றத்துல அம்பு இல்லாம சைட்டை மட்டும் கண்ணுல வச்சுப் பாருங்க. நாணை இழுத்துட்டு வெறுமனே விடறது மட்டும் கூடாது.

கோத்தகிரி அம்பு:

25 கெஜம்னு மனசுல பதிச்சுட்டேன். ஏரிநாட்டு அண்ணா, அம்பு பட்டதுக்கு அப்புறம் என்ன பண்றது? உடனே இறங்கி ஓடணுமா?

ஏரிநாட்டுத் தமிழன்:

இறங்கவே கூடாது. அம்பு பட்ட மான் பெரும்பாலும் கண்ணுல இருந்து மறைஞ்சுதான் விழும். துரத்தினா உடம்புல இருக்கற கடைசி வேகத்தைப் போட்டுக் கிலோமீட்டர் கணக்குல போயிடும்.

பட்டப்போ அது நின்ன இடத்தையும், கடைசியா பார்த்த இடத்தையும் ஏதாவது ஒரு மரத்தோட சேர்த்து மனசுல வைங்க, போன்ல படம் எடுங்க. மேலே இருந்து பார்த்த இடம் கீழே இறங்கினா வேற மாதிரி தெரியும். அரை மணி நேரம் கழிச்சு சத்தம் இல்லாம இறங்கி முதல்ல அம்பைத் தேடுங்க. நுரையோட வெளிர் சிவப்புன்னா நுரையீரல், தொடரலாம். கருஞ்சிவப்புன்னா ஈரல், நாலு மணி நேரமாவது விடணும். பச்சையா, புல் துணுக்கோட, நாத்தம் அடிச்சா குடல்ல பட்டிருக்கு. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சாயங்காலம் அப்படிப் பட்டா மறுநாள் காலைலதான் போகணும். மழையோ பனியோ வர்ற மாதிரி இருந்தா தடம் அழியும், அப்போ சித்தப்பாவைக் கேட்டு முடிவு பண்ணுங்க. ரத்தம் மோப்பம் பிடிக்கப் பழக்கின நாய் வச்சிருக்கறவங்களும் உண்டு, அவங்க நம்பரை முன்னாடியே வாங்கி வைங்க.

தொடரும்போது ரத்தத்து மேல கால் வைக்காம ஓரமா நடங்க. ஒவ்வொரு துளிக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் போட்டுட்டே போனா, தடம் விட்டுப்போன இடத்துல திரும்பிப் பார்த்தாலே அது எந்தத் திசைல போச்சுன்னு ஒரு கோடு தெரியும். பக்கத்து நிலத்துக்குள்ள போயிருந்தா அனுமதி இல்லாம நுழையக் கூடாது.

இன்னொண்ணு. இங்கே மானுக்குக் குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்னு மூளையைத் தின்கற நோய் இருக்கு, விஸ்கான்சினில் முதல்ல கண்டுபிடிச்சது 2002ல. மனுஷனுக்குத் தொத்தினதா இதுவரை உறுதியாகலை. ஆனா நோய் உறுதியான மானோட கறியைச் சாப்பிட வேண்டாம்னுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. தலையைச் சோதனைக்குக் கொடுத்துட்டு முடிவு வர்ற வரைக்கும் கறி ஃப்ரீசர்ல இருக்கட்டும். அறுக்கும்போது கையுறை போடுங்க, முதுகுத்தண்டையும் மூளையையும் வெட்டாதீங்க. இந்த நோயால பல கவுண்ட்டியில மானுக்குத் தீனி வைக்கவும் தடை, சித்தப்பா சோளம் கொட்டி வச்சிருக்காரான்னு கேட்டுக்குங்க.

குன்னூர் வில்லாளி:

வில்லைக் கொண்டு போறது பத்திக் கேட்டிருந்தீங்க. கொண்டு போங்க, பழகின வில்தான் நல்லது. கெட்டிப் பெட்டியில வச்சு செக்-இன் சாமானாப் போடணும், கேபின்ல வில், அம்பு எதுவும் ஏத்த மாட்டாங்க. பிராட்ஹெட் பிளேடு வெளியே தெரியாத தனி டப்பால, அதே பெட்டிக்குள்ள. ரேஞ்ச் ஃபைண்டரோட தனி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில. கிளம்பற விமான நிலையத்துல கஸ்டம்ஸ்கிட்ட வில்லைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிடுங்க, இல்லைன்னா திரும்பி வரும்போது புது வில் வாங்கிட்டு வந்ததா நினைச்சு வரி கேட்பாங்க. தேயிலைத் தோட்டத்து மண் ஒட்டின பூட்ஸைக் கழுவிக் காய வச்சுத்தான் பெட்டியில போடணும், அமெரிக்காவுல இறங்கினதும் அதைப் பார்ப்பாங்க. திரும்பும்போது கறி, தோல், கொம்பு எதுவும் வேண்டாம், கொம்பு சித்தப்பா வீட்டுச் சுவத்துலயே இருக்கட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி லிம்ப் போல்ட், கேம் (வில் நுனிச் சக்கரம்), ரெஸ்ட், பீப் எல்லாத்துலயும் நகப்பூச்சால ஒரு சின்னக் கோடு போட்டுடுங்க. அங்கே பெட்டியைத் திறந்ததும் கோடு விலகியிருந்தா எது நகர்ந்ததுன்னு உடனே தெரியும். கோடு சரியா இருந்தாலும் முதல் நாள் பேப்பர்ல ஒண்ணு, அப்புறம் 10, 20, 25 கெஜத்துல பிராட்ஹெட்டோட ஒவ்வொண்ணு சுட்டுப் பாருங்க. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம், காத்து லேசு. அங்கே தாழ்வான இடம், குளிர், காத்து அடர்த்தி. 25 கெஜத்துக்குள்ள அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியற அளவு இருக்காது, ஆனா பயணத்துல ரெஸ்ட் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தா அது தெரியும்.

நாணுக்கு மெழுகு தடவ மறந்துடாதீங்க. இந்த மழைக்காலத்து மூடுபனியில பழகினா நாண் தண்ணி குடிச்சுக் கனமாகி வேகம் குறையும். அந்த நாள்ல செட் பண்ணின சைட் பின், வெயில் நாள்ல மேல அடிக்கும். நாண் ரெண்டு வருஷத்துக்கு மேல பழசுன்னா இப்பவே மாத்துங்க, புது நாண் நீண்டு நிலைக்கறதுக்குச் சில நூறு அம்பு ஆகும். அக்டோபர்ல மாத்தினா பீப் சுத்திக்கிட்டே இருக்கும்.

கோத்தகிரி அம்பு:

நாண் மூணாவது வருஷம் அக்கா. இந்த வாரமே ஆர்டர் போடறேன். 400 ஸ்பைன் அம்பு அரை டஜன் போதுமா?

குன்னூர் வில்லாளி:

ஒரு டஜன். எடைத்தராசுல வச்சு 3 கிரெய்னுக்குள்ள ஒத்துப்போற ஆறைத் தனியா எடுத்து நாக்ல அடையாளம் போட்டு வேட்டைக்கு ஒதுக்கிடுங்க, மிச்சத்துல பழகுங்க.

கூடலூர் வக்கீல்:

ஹண்டர் எஜுகேஷனுக்கு விஸ்கான்சின் இயற்கை வளத்துறை தளத்துலயே பதியணும் தம்பி. ஆன்லைன் பாடத்தோட நேர்ல ஒரு நாள் செய்முறை கேட்டா, அந்தத் தேதி பார்த்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.